ஊவைட் என்று சீட்டு எழுதும் முன்: மக்னீசிய டூர்மலினை இனம் காணும் முழுமையான வழிகாட்டி

கட்டையான, கரும்பச்சை அல்லது பழுப்பு நிறப் படிகம் ஒன்று கைக்கு வருகிறது. கல் சேகரிக்கத் தொடங்கி ஆறு மாதம் ஆனவர் அதைப் பார்த்ததும் ‘ஊவைட்’ என்பார். பக்கத்தில் இருப்பவர் ‘இல்லை, டிராவைட்’ என்பார். இருவரும் நிறத்தையும் உருவத்தையும் வைத்தே பேசுகிறார்கள். இந்த இரண்டு பெயர்களுக்கும் நடுவே உள்ள எல்லைக்கோடு நிறத்திலும் இல்லை, உருவத்திலும் இல்லை.

இலங்கையின் ஊவா மாகாணத்தின் பெயரைத் தாங்கிய இந்தக் கனிமத்தை எந்த வரிசையில் சோதித்து, எந்தக் கட்டத்தில் என்ன பெயர் எழுதலாம் என்பதே இங்கே விஷயம். காசு செலவில்லாத, கல்லுக்குச் சேதமில்லாத சோதனைகள் முதலில் வருகின்றன. ஆய்வகம் கடைசியில். வரிசையை மாற்றினால், டூர்மலினே இல்லாத ஒரு கல்லுக்கு ஆய்வகக் கட்டணம் கட்ட நேரிடும். அப்படிக் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

1. எதைத் தேடுகிறோம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

டூர்மலின் என்பது ஒரே கனிமம் அல்ல, ஒரு பெருங்குடும்பம். எல்லா உறுப்பினர்களுக்கும் எலும்புக்கூடு ஒன்றுதான்: ஆறு சிலிக்கன் அணுக்கள் சேர்ந்த வளையம், மூன்று போரேட் முக்கோணங்கள், அவற்றைச் சுற்றி உலோக அணுக்கள் அமரும் இருக்கைகள். எந்த இருக்கையில் யார் அதிகம் அமர்ந்திருக்கிறார் என்பதை வைத்தே இனப்பெயர் வைக்கிறார்கள்.

நமக்கு வேண்டியவை மூன்று இருக்கைகள். வளையத்துக்கு மேலே உள்ள பெரிய இடம் எக்ஸ். அதில் கால்சியமோ சோடியமோ இருக்கும், சில நேரம் காலியாகவும் இருக்கும். அடுத்தது ஒய். இங்கே மக்னீசியம், இரும்பு, லித்தியம் போன்றவை வரும். மூன்றாவது டபிள்யூ. இது ஹைட்ராக்சிலோ ஃப்ளோரினோ ஆக்சிஜனோ உட்காரும் சிறிய இடம்.

எக்ஸில் சோடியமும் ஒய்யில் மக்னீசியமும் மிகுந்தால் டிராவைட். எக்ஸில் கால்சியமும் ஒய்யில் மக்னீசியமும் மிகுந்தால் ஊவைட் பக்கம். அந்த ஊவைட்டின் டபிள்யூ இடத்தில் ஃப்ளோரின் மிகுந்தால் பெயர் ஃப்ளோர்-ஊவைட், ஹைட்ராக்சில் மிகுந்தால் வெறும் ஊவைட். பழைய பெட்டிகளில் ‘ஊவைட்’ என்று எழுதி வைத்திருப்பவற்றில் பெரும்பாலானவை இன்றைய கணக்குப்படி ஃப்ளோர்-ஊவைட். ஹைட்ராக்சில் ஊவைட்தான் அரிது. ஊவா பெயரை 1929-இலேயே பெற்றுவிட்ட அந்த இனம், இன்றைய வரையறைப்படி அங்கீகாரம் பெற்றது இத்தாலியின் எல்பா தீவுக் கல் ஒன்றை வைத்து.

ஒரு நுணுக்கம் பின்னால் கணக்குப் போடும்போது கைகொடுக்கும். கால்சியத்தின் மின்சுமை இரண்டு, சோடியத்தின் மின்சுமை ஒன்று. சோடியம் எழுந்து கால்சியம் உட்கார்ந்தால் கூடுதலாகும் ஒரு சுமையை எங்கோ குறைத்தாக வேண்டும். அதற்காக ஒரு அலுமினியம் வெளியேறி, அந்த இடத்துக்கு மக்னீசியம் வருகிறது. ஆகவே டிராவைட்டிலிருந்து ஊவைட்டை நோக்கிப் போகப் போக கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்து ஏறும், சோடியமும் அலுமினியமும் சேர்ந்து இறங்கும். இந்த நான்கும் ஒன்றுக்கொன்று சாட்சி.

2. தேவையான பொருட்கள்

பத்து மடங்கு பெரிதாக்கும் கை லென்ஸ், ஒளிவிலகல் எண்ணை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரும் அதற்கான தொடுதிரவமும், 0.01 கேரட் வரை காட்டும் தராசு, தண்ணீரில் கல்லைத் தொங்கவிட மெல்லிய கம்பிக்கூடை, கல்லின் இரு நிறங்களைப் பக்கத்தில் பக்கத்தில் காட்டும் டைக்ரோஸ்கோப், குற்றலை (குறைந்த அலைநீள) புற ஊதா விளக்கு. விளக்கு இருந்தால் பாதுகாப்பு மூக்குக்கண்ணாடியும் கட்டாயம், குற்றலை கண்ணைக் கெடுக்கும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு நோட்டுப் புத்தகம். வாசிப்பை எடுத்தவுடன் எழுதாதவர் மறுநாள் தமக்குப் பிடித்த எண்ணைத்தான் நினைவில் வைத்திருப்பார்.

3. கல் எங்கிருந்து, எந்தப் பாறையிலிருந்து வந்தது என்று எழுதுங்கள்

இதைக் கல்லைத் தொடுவதற்கு முன்பே செய்யுங்கள். டூர்மலின் தான் வளரும் பாறையின் வேதியியலை அப்படியே உள்வாங்கும் கனிமம். பாறையில் இல்லாதது கல்லில் வராது.

கால்சியமும் மக்னீசியமும் ஒருசேரக் கிடைப்பது டோலமைட் கலந்த சுண்ணாம்புக்கல் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய இடங்களில், அதாவது சலவைக்கல்லிலும் சுண்ணாம்புச் சிலிகேட் பாறைகளிலும். அங்கே போரான் சுமந்த நீர்மம் நுழைந்தால் ஊவைட் வகை உருவாக வாய்ப்பு உண்டு. இலங்கையின் மத்திய மலைநாட்டில் இப்படிப்பட்ட உருமாறிய பாறைகள் நிறைய. அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் ஃபிராங்க்ளின் பகுதியும், நியூயார்க் மாநிலத்தின் கூவர்னர் வட்டாரமும் இதே வகை நிலம். பிரேசிலின் பாயியா மாநிலத்தில் புருமாடோ மேக்னசைட் சுரங்கங்களிலிருந்து பச்சையும் சிவப்பும் கலந்த அழகான ஃப்ளோர்-ஊவைட் படிகங்கள் வருகின்றன.

பெக்மடைட் (மிகப் பெரிய படிகங்கள் கொண்ட தீப்பாறை) நரம்பிலிருந்து வந்த கல் என்றால் ஊவைட் ஆசையைக் குறைத்துக்கொள்ளுங்கள். அங்கே வழக்கமாகக் கிடைப்பவை இரும்பு மிகுந்த கறுப்பு ஷோர்லும் லித்தியம் மிகுந்த எல்பைட்டும்.

இலங்கைக் கற்களில் ஒரு சிக்கல் உண்டு. இரத்தினபுரி போன்ற இடங்களில் ‘இல்லம்’ எனப்படும் மணிச்சரளை அடுக்கிலிருந்து எடுத்த கல் தன் தாய்ப்பாறையை விட்டு ஆற்றோடு வந்தது. அதன் பிறந்த பாறை எது என்று சொல்ல முடியாது. சீட்டில் ‘சரளையிலிருந்து’ என்று மட்டும் எழுதுங்கள். கல்லில் ஒட்டிய வெள்ளைத் துணுக்கு இருந்தால் அதைச் சுரண்டி எறியாதீர்கள். அது கால்சைட்டா குவார்ட்ஸா என்பது பெரிய தடயம். ஓரத்தில் ஒரு சொட்டு நீர்த்த அமிலம் வைத்தால் கால்சைட் நுரைக்கும்.

4. லென்ஸில் உருவம் பாருங்கள்

டூர்மலின் படிகத்தின் குறுக்குவெட்டு புடைத்த பக்கங்கள் கொண்ட முக்கோணம். நீளவாக்கில் கோடுகள் ஓடும். இரு முனைகளும் ஒரே மாதிரி இருக்காது. பிளவுத்தளம் இல்லாததால் உடைந்த இடம் கண்ணாடிச் சில்லுபோல வளைந்திருக்கும். கடினத்தன்மை 7 முதல் 7.5.

இங்கேதான் புதியவர்கள் முதலில் தடுக்குகிறார்கள். அவர்கள் மனதில் இருப்பது பென்சில்போல நீண்ட எல்பைட் படம். ஊவைட் பெரும்பாலும் குட்டையாக, முனைமுகங்கள் பெரிதாக, கிட்டத்தட்ட உருண்டையாகவே வளரும். ‘நீளமாக இல்லை, எனவே டூர்மலின் இல்லை’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். மறுபுறம், சலவைக்கல்லில் வளர்ந்த டிராவைட்டும் இதே குட்டை உருவம் எடுக்கும். உருவம் டூர்மலின் என்ற சந்தேகத்தை எழுப்பப் போதும். இனப்பெயருக்கு அது போதாது.

சரளைக் கல் உருண்டு தேய்ந்திருக்கும். அதில் இந்தப் படியைத் தாண்டி நேரே அடுத்ததுக்குப் போங்கள்.

5. ஒளிவிலகல் எண்ணால் போலி உறவினர்களை ஒதுக்குங்கள்

ஒரு தட்டையான, மெருகேறிய முகம் தேவை. சிறு துளி தொடுதிரவம் வைத்து, கல்லைச் சுழற்றிச் சுழற்றிப் பல இடங்களில் வாசியுங்கள். டூர்மலின் என்றால் இரண்டு நிழல்விளிம்புகள் தெரியும். மேல் எண் 1.64-ஐ ஒட்டி அசையாமல் நிற்கும். கீழ் எண் சுழற்றும்போது நகர்ந்து 1.62-ஐ ஒட்டி இறங்கும். இரண்டுக்கும் அதிகபட்ச வித்தியாசம் சுமார் 0.02. உயர்ந்த எண் நிலையாகவும் தாழ்ந்த எண் நகர்வதாகவும் இருப்பது, இது ஓர் அச்சுள்ள, எதிர்மறைக் கல் என்பதற்கு அடையாளம்.

ஒரே ஒரு நிலையில் வாசித்து விட்டுவிடுவது மிகச் சாதாரணமான தவறு. அந்த நிலையில் இரு விளிம்புகளும் நெருங்கியிருந்தால் இரட்டை விலகல் குறைவு என்று எழுதி, கல்லை அபடைட் ஆக்கிவிடுவார்கள்.

இலங்கைச் சரளையில் டூர்மலினோடு குழம்பும் கற்கள் சில:

அபடைட்: எண் 1.63–1.64 என்று அருகில்தான் வரும், ஆனால் இரு விளிம்புகளுக்கும் இடைவெளி 0.008-ஐத் தாண்டாது. எஃகுக் கத்தியால் கீறக்கூடிய அளவுக்கு மென்மையானதும்கூட.

ஆண்டலுசைட்: எண் ஒத்துப்போகும். இரு விளிம்புகளும் நகரும், இடைவெளி 0.01 அளவு.

கொர்னெருபைன்: பச்சை, பழுப்பு, கண்ணுக்கே தெரியும் நிறமாற்றம். ஆளை ஏமாற்றுவதில் இதுதான் முதலிடம். எண் 1.66-க்கு மேல்.

சின்ஹலைட்: பழுப்பு. எண் 1.67–1.71, அடர்த்தி 3.48 அளவு.

ஜிர்கான்: பெரும்பாலும் கருவியின் அளவையே தாண்டிவிடும்.

எண் டூர்மலின் எல்லைக்குள் வந்துவிட்டது, இனி இனம் பிரிக்கலாமா? கூடாது. டிராவைட்டின் எண்களும் ஊவைட்டின் எண்களும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. மூன்றாம் தசமத்தில் கிடைத்த வித்தியாசத்தை வைத்து இனம் சொல்பவரிடம் கருவியை எப்போது சரிபார்த்தார் என்று கேளுங்கள்.

6. அடர்த்தி எடுங்கள்

காற்றில் எடை, தண்ணீரில் எடை. காற்றில் கண்ட எடையை இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்தால் ஒப்படர்த்தி. காற்றில் 2.46 கேரட், தண்ணீரில் 1.65 என்றால் வித்தியாசம் 0.81, அடர்த்தி 3.04. மக்னீசிய டூர்மலின்கள் 3.0 முதல் 3.1 வரை வரும். இரும்பு ஏறிய ஷோர்ல் 3.1-ஐத் தாண்டி 3.2 பக்கம் போகும்.

சிறிய கல்லில் கவனம். 1.00 கேரட் கல் தண்ணீரில் 0.33 இழந்தால் அடர்த்தி 3.03, 0.34 இழந்தால் 2.94. தராசின் கடைசி இலக்கம் ஒன்று ஆடினாலே கல் வேறு ஆகிவிடுகிறது. ஒரு கேரட்டுக்குக் கீழே உள்ள கல்லில் ஐந்து தடவை எடுத்துச் சராசரி போடுங்கள். கூடையில் ஒட்டும் காற்றுக்குமிழ் கல்லைத் தூக்கி அடர்த்தியைக் குறைத்துக் காட்டும். தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு விட்டால் குமிழ் ஒட்டாது.

7. இருநிறமும் ஒளிர்வும்

டைக்ரோஸ்கோப்பில் இரு சாளரங்களிலும் தெளிவாக வேறு நிறம் தெரிய வேண்டும். படிகத்தின் நீள அச்சு வழியாகப் பார்த்தால் கல் இருண்டு தெரியும். அந்தத் திசையில் மட்டும் டைக்ரோஸ்கோப் வைத்தவர்களுக்கு இரு சாளரமும் ஒரே நிறமாகத் தெரிந்து குழப்பம் வரும், திசையை மாற்றிப் பாருங்கள்.

இருட்டறையில் குற்றலை விளக்குக்குக் கீழே இரும்பு மிகக் குறைந்த மக்னீசிய டூர்மலின்கள் கடுகு மஞ்சளாக ஒளிரும். ஒளிர்ந்தால் டிராவைட்–ஊவைட் பக்கம் என்று நம்பிக்கை கூடும். ஒளிராவிட்டால் ஒன்றும் சொல்ல முடியாது. கொஞ்சம் இரும்பு இருந்தாலே ஒளிர்வு அணைந்துவிடும்.

8. ஆய்வகம் இல்லையென்றால் இங்கேயே நிறுத்துங்கள்

இதுவரை செய்ததில் உறுதியானது: இது டூர்மலின், அநேகமாக மக்னீசிய வகை. சீட்டில் ‘டூர்மலின், டிராவைட்–ஊவைட் தொடர்’ என்று எழுதுங்கள். அரைகுறைப் பெயர் எழுதக் கூச்சப்பட்டு ‘ஊவைட்’ என்று முடித்துவிடுகிறார்கள் பலர். டிராவைட் என்று சீட்டு ஒட்டிய எத்தனையோ பழைய சேகரிப்புக் கற்கள் 1970-களில் பகுப்பாய்வு செய்தபோது ஊவைட் வகையாக வெளிப்பட்டன. தொடர் பெயர் எழுதியிருந்தால் யாரும் எதையும் திருத்த வேண்டியிருந்திருக்காது.

9. ஆய்வகத்தில் எதைக் கேட்க வேண்டும்

கையடக்க எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி போதாது. அது கால்சியத்தைப் பார்க்கும், சோடியத்தைப் பார்க்காது. நமக்கு வேண்டியதே இரண்டின் ஒப்பீடு.

சரியான கருவி, கல்லின் ஒரு நுண்புள்ளியில் எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சித் தனிமங்களை அளக்கும் எலக்ட்ரான் மைக்ரோபுரோப். அதனிடம் சிலிக்கன், அலுமினியம், மக்னீசியம், இரும்பு, டைட்டானியம், கால்சியம், சோடியம், பொட்டாசியம், ஃப்ளோரின் எல்லாவற்றையும் கேளுங்கள். எலக்ட்ரான் கற்றை பட்டால் சோடியம் நகர்ந்துவிடக்கூடும் என்பதால் அதை முதலில் அளக்கவும், கற்றையை அகலமாக வைக்கவும் சொல்லுங்கள்.

லேசரால் நுண்குழி போட்டு அளக்கும் முறை லித்தியம், போரான் வரை காட்டும், ஆனால் ஃப்ளோரின் பெயரைத் தீர்மானிக்க உதவாது. ஸ்கேனிங் நுண்ணோக்கியில் இணைந்த எளிய எக்ஸ்-கதிர்க் கருவியில் ஃப்ளோரின் கோடும் இரும்பின் ஒரு கோடும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழும். இரும்புள்ள கல்லில் அது காட்டும் ஃப்ளோரினை நம்பாதீர்கள்.

ஒரு புள்ளி போதாது. டூர்மலின் வளரும்போது பதிந்த வேதி வேறுபாடு பின்னால் கலைவதில்லை. நடுவில் டிராவைட்டும் விளிம்பில் ஊவைட்டுமாக ஒரே படிகம் இருக்கலாம். நடுவிலிருந்து விளிம்பு வரை ஒரு வரிசையாகப் பத்துப் புள்ளிகளாவது வேண்டும்.

10. அறிக்கையை வாசிக்கும் இடம்: இங்கேதான் அதிகம் சறுக்குகிறது

அறிக்கை வந்ததும் கூட்டுத்தொகையைப் பாருங்கள். 85 அல்லது 86 சதவீதம் என்று இருக்கும். பயப்பட வேண்டாம், அது சரி. கலப்பில்லாத ஊவைட்டில் போரான் ஆக்சைடு 10.7 சதவீதம், நீர் 3.7 சதவீதம். வழக்கமான அளவீட்டில் இவை இரண்டும் வராது. அறிக்கை சரியாக 100 சதவீதம் காட்டினால்தான் சந்தேகப்பட வேண்டும். மென்பொருள் தானாக எல்லா எண்களையும் ஊதி 100 ஆக்கியிருக்கிறது என்று அர்த்தம். முதல் தடவை அப்படி வந்த தாளைப் பார்த்து ‘எவ்வளவு துல்லியம்!’ என்று நான் மகிழ்ந்தேன். ஊதாத எண்களைக் கேட்டு வாங்குங்கள்.

ஒப்பிட, கலப்பில்லாத இரு முனைகளின் எடைச் சதவீதம்:

ஊவைட்: கால்சியம் ஆக்சைடு 5.8, மக்னீசியம் ஆக்சைடு 16.6, அலுமினியம் ஆக்சைடு 26.2.

டிராவைட்: சோடியம் ஆக்சைடு 3.2, மக்னீசியம் ஆக்சைடு 12.6, அலுமினியம் ஆக்சைடு 31.9.

உங்கள் கல் இவற்றுக்கு நடுவே எங்கோ விழும். அடுத்த தவறு, எடைச் சதவீதத்தை நேரடியாக ஒப்பிடுவது. கால்சியம் ஆக்சைடு 2.5, சோடியம் ஆக்சைடு 1.8 என்று பார்த்ததும் ‘கால்சியம் அதிகம், ஊவைட்’ என்று எழுதிவிடுகிறார்கள். கணக்கிட வேண்டியது அணுக்களை. கால்சியத்துக்கு 56.08-ஆலும், சோடியத்துக்கு 30.99-ஆலும் வகுத்தால் 0.045, 0.058 என்று வருகிறது. சோடியம்தான் அதிகம்.

லித்தியம் இல்லாத மக்னீசியக் கற்களுக்குப் பின்வரும் வழி எளிது. ஒவ்வொரு ஆக்சைடையும் அதன் மூலக்கூறு எடையால் வகுத்து, அதிலுள்ள உலோக அணு எண்ணிக்கையால் பெருக்குங்கள். எக்ஸில் அமரும் கால்சியம், சோடியம், பொட்டாசியம் மூன்றையும் தவிர்த்து மற்ற எல்லா உலோகங்களையும் சிலிக்கனையும் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகை 15 ஆக வேண்டும். ஆக்கும் காரணியால் எல்லா எண்களையும் பெருக்குங்கள். போரானையோ நீரையோ ஊகிக்காமலே இது முடிந்துவிடும்.

ஒரு மாதிரிக் கணக்கு: சிலிக்கா 36.5, அலுமினியம் ஆக்சைடு 29.0, மக்னீசியம் ஆக்சைடு 14.0, இரும்பு ஆக்சைடு 1.0, கால்சியம் ஆக்சைடு 3.6, சோடியம் ஆக்சைடு 1.0, ஃப்ளோரின் 1.2. காரணி சுமார் 9.755. பெருக்கினால் சிலிக்கன் 5.93, அலுமினியம் 5.55, மக்னீசியம் 3.39, இரும்பு 0.14, கால்சியம் 0.63, சோடியம் 0.31, ஃப்ளோரின் 0.62. எக்ஸ் இருக்கையில் காலியிடம் 0.06.

முதல் பகுதியில் சொன்ன சாட்சிகளை இப்போது அழையுங்கள். கால்சியம் அதிகம் என்றால் அலுமினியம் 6-க்குக் கீழேயும் மக்னீசியம் 3-க்கு மேலேயும் இருக்க வேண்டும். இங்கே இருக்கிறது. கால்சியம் மட்டும் உயர்ந்து அலுமினியம் 6-ஐத் தாண்டி நின்றால், கற்றை பக்கத்துக் கால்சைட் துணுக்கின்மேல் விழுந்ததா என்று புள்ளியின் படத்தைப் பாருங்கள்.

11. பெயரைத் தீர்மானியுங்கள்

எக்ஸில் கால்சியம், சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்த தொகை, காலியிடம் மூன்றையும் ஒப்பிடுங்கள். எது பெரியதோ அதுவே குழு. பாதியைத் தாண்ட வேண்டும் என்பது தேவையில்லை. 0.45 கால்சியம், 0.35 சோடியம், 0.20 காலி என்றாலும் அது கால்சியக் குழுதான். ‘0.5 வரவில்லையே’ என்று கைவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அடுத்து ஒய்யில் மக்னீசியம் இரும்பைவிட அதிகமா என்று பாருங்கள். கடைசியாக டபிள்யூ: அது ஒற்றை இருக்கை என்பதால் ஃப்ளோரின் 0.5-ஐத் தாண்டினால் ‘ஃப்ளோர்’ முன்னொட்டு உறுதி. நம் மாதிரிக் கணக்கில் 0.62, எனவே ஃப்ளோர்-ஊவைட். ஃப்ளோரின் அளக்காத அறிக்கையை வைத்து ‘ஃப்ளோர்’ சேர்க்கவும் கூடாது, இல்லை என்று விடவும் கூடாது. ‘கால்சிய–மக்னீசிய டூர்மலின், ஊவைட் வகை, ஃப்ளோரின் அளக்கவில்லை’ என்று எழுதுங்கள்.

12. சீட்டில் எழுத வேண்டியவை

பெயர், கிடைத்த இடம், பாறை அல்லது சரளை, எடை, ஒளிவிலகல் எண்கள், அடர்த்தி, பகுப்பாய்வு முறை, புள்ளிகளின் எண்ணிக்கை, அவற்றில் எத்தனை எந்த இனமாக வந்தன, தேதி. பத்துப் புள்ளிகளில் ஏழு ஃப்ளோர்-ஊவைட், மூன்று டிராவைட் என்றால் அப்படியே எழுதுங்கள்: ‘விளிம்பு ஃப்ளோர்-ஊவைட் (7), நடு டிராவைட் (3)’. அறிக்கையின் நகலை மடித்துக் கல்லுடன் அதே பெட்டியில் வையுங்கள். தனி அலமாரியில் வைத்த தாள் கல் கை மாறும்போது கூடப் போவதில்லை.